ஊருக்குப் பொதுவான விருந்தினர் அறை



விருந்து என்ற பேச்சை மேடையில் எடுத்தவுடனே வள்ளுவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பது நம்மவர் சம்பிரதாயம். இன்று அவருக்குச் சிரமம் கொடுக்கப் போவதில்லை. விருந்தினர் வந்த பிறகு எங்கே படுப்பார், நடுநிசியில் எந்த வழியாகக் குளியலறைக்குப் போவார், அவர் ஊருக்குத் திரும்பிய மறுநாள் அவர் படுத்த விரிப்பை யார் துவைப்பார் என்பன போன்ற, கவிகள் தொடாத சில விஷயங்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

டென்மார்க்கில் தோன்றி, பிறகு அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய தேசங்களிலும் வேரூன்றிய கூட்டுக் குடியிருப்பு என்னும் முறையை உங்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருபது முப்பது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நிலம் வாங்கி, கட்டடக்கலைஞர் ஒருவரை அமர்த்தி, தங்களுக்கென்று தனித்தனி வீடுகளும் எல்லோருக்குமாக ஒரு பொது இல்லமும் கட்டிக்கொள்கின்றன. வீட்டுக்கு வீடு சமையலறை உண்டு; ஆயினும் வாரத்தில் சில நாள் பொது இல்லத்தில் முறைவைத்துச் சமைத்து, விருப்பமுள்ளவர்கள் கூடி உண்கிறார்கள். சொத்தும் சம்பாத்தியமும் அவரவருடையவை. ஆகவே இதை ஆசிரமமென்றோ பொதுவுடைமைப் பண்ணையென்றோ எண்ணிவிடக் கூடாது. யான் குட்மன்-ஹோயர் என்ற டேனிஷ் கட்டடக்கலைஞர் 1960-களில் தம் நண்பர்களுடன் இந்த யோசனையில் இறங்கினார். குழந்தை ஒவ்வொன்றுக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்ற கருத்தை வைத்து 1967-இல் போடில் கிராவே என்ற பெண்மணி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். 1972-இல் ஹில்லரோட் நகரத்துக்கு அருகே சேட்டடாமன் என்ற குடியிருப்பு எழுந்தது. காத்ரின் மெக்கமண்ட், சார்லஸ் டுரெட் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் இருவர் டென்மார்க்கில் தங்கி ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்டார்கள். 1991-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 26 வீடுகளுடன் ம்யூர் காமன்ஸ் தோன்றியது. வரலாறு இவ்வளவு போதும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டும்போது, வருஷத்தில் இருபது நாள் வந்து தங்கும் தாயாருக்கோ தமையனாருக்கோ என்று ஓர் அறையை மிகையாகக் கட்டுகிறது. மற்ற நாட்களிலெல்லாம் அந்த அறையில் இஸ்திரி மேஜையும், ஓட்டாத சைக்கிளும், உடம்பை இளைக்கவைக்கும் என்று நம்பி வாங்கிய யந்திரமும் குடியிருக்கும். அறை 120 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், முப்பது வீட்டுக்கு 3,600 சதுர அடி. இதற்கு மாறாக, அந்த முப்பது வீட்டாரும் தங்கள் மிகையறையைத் துறந்து, பொது இல்லத்தில் 150 சதுர அடியில் மூன்று அறைகள் கட்டினால் 450 சதுர அடியோடு காரியம் முடிகிறது. குளியலறை, நடைவழி எல்லாம் சேர்த்தாலும் மிச்சம் மிச்சந்தான். வீட்டுக்கு இருபது இரவு வீதம் வருஷத்துக்கு அறுநூறு இரவுகள். இரண்டே அறைகளுக்கு எழுநூற்று முப்பது இரவுகள் இருக்க, மூன்றாவது அறை எதற்கு என்று கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். விருந்தாளிகள் சராசரி பார்த்து வருவதில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரே சமயத்தில் உறவினர் வருவர். பிப்ரவரியில் ஈ காக்கை வராது. மூன்று அறை கட்டினாலும் கிறிஸ்துமஸுக்குப் போதாது. பிப்ரவரிக்கு ஒன்றே அதிகம்.

டென்மார்க்கில் 1978-இல் வான்ட்குன்ஸ்டன் என்ற கட்டடக்கலைக் குழுவினர் டிங்கோர்டன் குடியிருப்பை அமைத்தபோது, ஒவ்வொரு வீட்டின் பரப்பிலிருந்தும் ஒரு பங்கைக் குறைத்து அதைப் பொது இல்லங்களுக்குச் சேர்த்தார்கள். இந்த நியாயத்தை விருந்தினர் அறைக்குப் பொருத்திப் பார்த்தால், அந்த அறையின் அந்தஸ்து விளங்கும். பொது இல்லத்துப் போஜன மண்டபம் போன்ற ஒன்றை யாரும் தம் வீட்டில் கட்டியிருக்க மாட்டார்கள். தச்சுப் பட்டறை முன்பு பெரும்பாலோர் வீட்டில் இருந்ததே இல்லை. விருந்தினர் அறையோ முப்பது குடும்பங்களும் தம் பெற்றோருக்கென்று வைத்திருக்கக்கூடிய இடத்தை விட்டுக்கொடுத்ததனால் உண்டானது. அது சமூகம் ஒவ்வொரு வீட்டாருக்கும் பட்டிருக்கும் கடன். கடனுக்குரிய மரியாதையோடு அதைக் கட்ட வேண்டும் என்பதே இன்று நான் வற்புறுத்தப் போகும் ஒரே விஷயம்.

வழக்கத்தில் நடப்பது வேறு. குடும்பங்கள் கூடித் திட்டம் வகுக்கும் கூட்டங்களில் போஜன மண்டபத்தைப் பற்றி ஒரு நாள் முழுதும் பேசுவார்கள். சமையலறையைப் பற்றி அதைவிட அதிகம் பேசுவார்கள். குழந்தைகள் அறை, சலவை அறை, பட்டறை என்று ஒவ்வொன்றுக்கும் வாதாட ஒருவர் எழுந்து நிற்பார். விருந்தினர் அறைக்காக வாதாட வேண்டிய விருந்தினரோ அந்தச் சபையில் இல்லை. ஆகையால் மண்டபமும் மற்றவையும் தத்தமக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, மாடிப்படிக்குப் பின்னாலோ, சமையலறைச் சுவரை ஒட்டியோ, கூரை சரிந்து தலையில் இடிக்கும் மேல்மூலையிலோ எஞ்சி நிற்கும் இடத்துக்கு அந்தப் பெயர் சூட்டப்படுகிறது. மதிப்பீடு கைமீறிப் போய்விட்டது என்று தெரியவரும் நாளில் முதலில் கத்தரி விழுவதும் அதன்மேல்தான். "ஆபீஸ் அறையில் ஒரு மடிப்பு சோபா போட்டுவிடலாமே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையசைப்பார்கள். அந்த மடிப்பு சோபாவுக்கு நான் பரம விரோதி. பகலில் மற்றொருவர் வேலை செய்யும் அறையில் இரவு தூங்குகிற விருந்தாளி, காலையில் எழுந்ததும் விரிப்பை மடித்து, பெட்டியைக் கட்டி, தாம் அங்கே இருந்த தடயத்தையே அழித்துவிட்டு வெளியேற வேண்டியவராகிறார். அப்படிப்பட்டவர் மறுமுறை வரும்போது ஹோட்டலில் அறை எடுத்துக்கொள்வார். ஹோட்டலில் தங்கும் மாமியாரால் குடும்பத்தில் விளையும் மனஸ்தாபங்களை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

அறையை அமைக்கும்போது எதிர்ப்படும் முதற் பிரச்சினை ஓசை. பொது இல்லம் சுபாவத்திலேயே இரைச்சலான கட்டடம். மாலையில் முப்பது நாற்பது பேர் உண்பார்கள், குழந்தைகள் ஓடுவார்கள், நாற்காலிகள் தரையில் கீச்சிடும், எட்டு மணிக்கு மேல் பெரிய பாத்திரங்களைத் துலக்குவார்கள், அதற்குப் பின் நிர்வாகக் கூட்டம் ஒன்று பத்து மணிவரை நீண்டாலும் நீளும். பேச்சும் சிரிப்பும் நிறைந்திருப்பதே நல்ல மண்டபத்தின் இலக்கணம். அதே கூரையின் கீழ், கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்து, இரவு எது பகல் எது என்று தெரியாமல் மாலை ஐந்து மணிக்கே கண் சொருகும் ஒரு முதியவர் உறங்கவும் வேண்டும்.

சுவரைத் தடிமனாக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், ஓசையைத் தண்ணீராகப் பாவித்துப் பார்ப்பது நல்லது. இம்மியளவு சந்து கிடைத்தாலும் அது புகுந்துவிடும். கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி, இரண்டு அறைக்கும் பொதுவாகப் போகும் காற்றுக்குழாய், சுவரின் இரு புறமும் முதுகோடு முதுகாகப் பதித்த மின்சாரப் பெட்டிகள் ஆகியவற்றில் எந்த ஒன்றும் நல்ல சுவரை வீணாக்கப் போதுமானது. இரண்டு குடித்தனங்களுக்கு நடுவிலுள்ள சுவருக்கு அமெரிக்கக் கட்டட விதிகள் எஸ்.டி.சி. 50 என்ற ஒலித்தடையளவைக் கேட்கின்றன. மரச்சட்டத்தின் இரு புறமும் ஒற்றைப் பலகை அடித்த சாதாரண உட்சுவரோ 35-ஐ ஒட்டியே நிற்கும். அதற்கு அப்பால் ஒருவர் உரக்கப் பேசினால் அந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். விருந்தினர் அறைச் சுவரைக் குடித்தனச் சுவராகவே கருத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதைவிடச் செலவு குறைந்த உபாயமும் உண்டு: மண்டபத்துக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு சாமான் அறையையோ, துணி அலமாரி வரிசையையோ, மாடிப்படியையோ கொண்டுவந்து வைப்பது. அவை எப்படியும் கட்ட வேண்டியவை. வரைபடத்தில் சற்றே நகர்த்தினால் ஒரு காசு அதிகமின்றிக் காவலுக்கு நிற்கும். காலடி ஓசை மட்டும் இந்தத் தந்திரத்துக்கு மசியாது. மரத்தளமுள்ள கட்டடத்தில் குழந்தைகள் விளையாடும் அறைக்கு நேர் கீழே விருந்தினரைப் படுக்க வைப்பவர், விருந்தினர் சீக்கிரம் ஊருக்குப் போகட்டும் என்று நினைப்பவராகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் குளியலறை. இதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதி வேண்டும். கலிபோர்னியாவில் நான் பார்த்த ஒரு பொது இல்லத்தில் விருந்தினர் அறை நன்றாகவே இருந்தது. கட்டில் நல்ல கட்டில், ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரம். ஆனால் அந்த அறைக்குரிய குளியலறை, மண்டபத்தில் உண்பவர்கள் கை கழுவுவதற்கும் பயன்படும் அறையே. அதன் கதவு நேராக மண்டபத்தில் திறந்தது. சென்னையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாள் அங்கே தங்கியிருந்தார்கள். விளக்கேற்றும் வேளைக்கு முன் குளித்துவிடுவது அவர்கள் வழக்கம். அந்த வேளைக்குத்தான் மண்டபத்தில் மேஜைகளைப் போடத் தொடங்குவார்கள். துவாலையும் மாற்றுப் புடைவையும் சோப்புப் பெட்டியுமாக அந்த அம்மாள் அறைக் கதவை ஒரு சாண் திறந்து பார்ப்பதும், கரண்டியோடு யாரோ குறுக்கே போவதைக் கண்டு மூடிக்கொள்வதும், மறுபடி திறப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு மூடி, தோட்டத்து வழியாக மகள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார்கள். யாரும் அவர்களிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் முகமலர்ந்து வணக்கம் சொன்னார்கள். அதுதான் சங்கடம்: ஈரத் தலையோடு நாற்பது பேருடைய வணக்கத்தை ஏற்றுக்கொள்ள எல்லோராலும் முடியாது.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. மண்டபத்திலிருந்து ஒரு கதவு. அதற்கு அப்பால் நான்கடி அகலத்தில் ஒரு சிறு நடைவழி. அந்த நடைவழியில் விருந்தினர் அறைகளும், அவற்றுக்குரிய குளியலறையும், விரிப்புகள் வைக்கும் அலமாரியும். மண்டபத்தாருக்கு வேறு கழிப்பறை, வேறு பக்கத்தில். அந்த ஒரு கதவைச் சாத்தியதும் விருந்தினர் பகுதி தனிக் கிருகமாகிவிடுகிறது. ஓசைக்கு இரண்டாவது கதவும் ஆயிற்று. அறைக்கொரு குளியலறை வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பணம் இருந்தால் கட்டலாம். இல்லாவிடில், குளிக்கும் இடத்தையும் கழிப்பிடத்தையும் தனித்தனியாகத் தடுத்துவிட்டால், ஒருவரையொருவர் அறியாத இரண்டு வீட்டு விருந்தாளிகள் காலையில் ஒருவருக்கொருவர் காத்து நிற்கும் அவஸ்தை பெரும்பாலும் தீர்ந்துவிடும். குளிக்குமிடத்தில் வாசற்படி கூடாது. பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடி விட்டமும், கதவு திறந்தால் 32 அங்குலத் தெளிவான வழியும் வேண்டும் என்பவை அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட அளவுகள். வருபவர்களில் பெரும்பாலோர் தாத்தா பாட்டிகள் என்பதை நினைத்தால் இவை சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டியவையாகத் தோன்றா. அதே காரணத்தால் ஓர் அறையாவது தரைத்தளத்தில் இருந்தாக வேண்டும். சிறிய பொது இல்லங்களில் லிஃப்ட் வைப்பது அபூர்வம்.

விருந்தினர் உள்ளே வரும் வழியைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. வெளியிலிருந்து நேராக அறைக்குள் நுழையத் தனிக் கதவு வைத்தால் சௌகரியம் என்பார் ஒரு சாரார். அப்படி வைத்தால் அது லாட்ஜ் ஆகிவிடும், விருந்தாளி குடியிருப்பு மக்களை ஒரு முறையும் காணாமலே திரும்பிவிடுவார் என்பார் மற்றொரு சாரார். மண்டபத்தின் வழியாக மட்டுமே போக முடியுமென்றால் நள்ளிரவில் விமானத்திலிருந்து வருபவர் இருட்டில் நாற்காலிகளோடு மல்லுக்கு நிற்க நேரிடும். மேற்சொன்ன நடைவழியின் மறுமுனையில் தோட்டத்துக்கு ஒரு சிறு கதவு வைத்துவிட்டால் இரண்டு கட்சியாரும் திருப்தியடையலாம்: கலகலப்பு வேண்டியபோது மண்டபப் பக்கம், வேண்டாதபோது தோட்டப் பக்கம். எந்தக் கதவைத் திறப்பது என்பதை விருந்தினரே தீர்மானிக்கட்டும்.

ஜன்னலில் ஒரு விசித்திரமான வழக்கு எழுகிறது. பொது இல்லத்தைச் சுற்றி நாள் முழுதும் ஆட்கள் நடமாடுவார்கள். ஆகவே ஏகாந்தம் கருதி ஜன்னலை உயரத்தில் வைக்கத் தோன்றும். தீ விதியோ நேர் எதிராகப் பேசுகிறது. அமெரிக்க வீட்டு விதிகளின்படி, படுக்கையறை ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது; திறந்தால் 5.7 சதுர அடி வழி கிடைக்க வேண்டும்; விபத்துக் காலத்தில் உள்ளே இருப்பவர் அதன் வழியே வெளியேறவும் தீயணைப்போர் நுழையவும் வேண்டுமல்லவா? இங்கே விதியின் பக்கமே நியாயம் இருக்கிறது. ஜன்னலைத் தாழவே வைத்து, பாதையைப் பத்தடி தள்ளி வளைத்து, நடுவே இடுப்பளவு செடிகளை வளர்ப்பது சரியான தீர்வு. பாதை தள்ளிப்போக வேண்டுமென்றால் அதை நிலத்திட்டம் வரையும் நாளிலேயே யோசித்திருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் அறைக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

தளவாடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்காண்டிநேவியர்கள் வழக்கம்போல இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டுவிட்டால் தம்பதிகளும் படுக்கலாம், பிரித்துப் போட்டால் அக்காளும் தங்கையும் படுக்கலாம். பெட்டியைத் திறந்து வைக்க முழங்கால் உயரத்தில் ஒரு பலகை, நான்கு கொக்கி, படுத்தபடியே அணைக்கக்கூடிய விளக்கு. மெத்தையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பொது அறை என்றாலே வீட்டில் வேண்டாதவற்றைக் காணிக்கையாகச் செலுத்தும் இடம் என்ற எண்ணம் மனிதருக்கு இயல்பு. ஒருவர் நடுவில் பள்ளம் விழுந்த மெத்தையைக் கொடுப்பார், மற்றொருவர் இழுப்பறை திறக்காத மேஜையைக் கொடுப்பார், தாராள மனமுடைய மூன்றாமவர் தம் மாமனார் வரைந்த சித்திரத்தை மாட்டுவார். மறுக்க யாருக்கும் வாய் வராது. மெத்தையும் தலையணையும் பொதுப்பணத்தில் புதிதாக வாங்கப்பட வேண்டும், நன்கொடையாக எதுவும் ஏற்கப்படாது என்று முதற் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றிவிடுவது சிலாக்கியம்.

நிர்வாகமும் அப்படியே. பதிவுக்கு ஒரு நாட்காட்டி, இரவுக்கு ஒரு சிறு கட்டணம், விரிப்பைத் துவைத்து அலமாரியில் திரும்ப வைக்கும் பொறுப்பு விருந்தினரை அழைத்த வீட்டாருக்கு. அலமாரியும் சலவை அறையும் பக்கத்தில் இருந்தால் இந்தப் பொறுப்பு நிறைவேறும். கட்டடத்தின் இரு கோடிகளில் இருந்தால் "யாராவது செய்வார்கள்" என்ற பேச்சு ஆரம்பமாகும். வருமானத்துக்காக அறையை வெளியாருக்கு வாடகைக்கு விடலாம் என்ற ஆசை சில இடங்களில் தலைகாட்டுகிறது. உரிமம், வரி, இன்ஷூரன்ஸ் என்ற மூன்று தொல்லைகளும் அதன் பின்னாலேயே வரும் என்பதோடு, உரிய நாளில் உரியவருக்கு அறை கிடைக்காமற் போவதும் உறுதி.

முதியோருக்கென்றே அமைந்த கூட்டுக் குடியிருப்புகளில் இந்த அறைக்கு மற்றொரு முகம் உண்டு. கோபன்ஹேகனில் 1987-இல் ஏற்பட்ட மிட்கோர்டன், ஸ்டாக்ஹோமில் 43 வீடுகளுடன் 1993-இல் ஏற்பட்ட ஃபேர்ட்க்னேப்பன், ஐம்பது வயது கடந்த பெண்களுக்கென்று லண்டனில் 25 வீடுகளுடன் 2016-இல் ஏற்பட்ட நியூ கிரவுண்ட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அங்கே விருந்தாக வருபவர் இளையவர், குடியிருப்பவர் மூத்தவர். அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய தாய்க்கு மகன் துணையிருக்க வரலாம். ஒரு தாதியே சில மாதம் தங்க நேரலாம். டுரெட் முதியோர் குடியிருப்பைப் பற்றி எழுதும்போது, பராமரிப்பாளர் தங்கக்கூடிய அறையைப் பொது இல்லத்திலேயே வைக்கச் சொல்கிறார். ஒரு வீட்டாரால் தனியே தாங்க முடியாத செலவை மூன்று நான்கு வீட்டார் பகிர்ந்துகொள்ள அது வழி செய்யும்.

நீண்ட நாள் தங்கல் என்ற பேச்சு வந்துவிட்டபடியால், நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் குடியிருப்புகளின் விதிகள் வாரக்கடைசி விருந்தாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இத்தனை இரவுக்கு மேல் ஒரே வீட்டார் அறையைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது நியாயமான விதியே. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் பெற்றோர் வாரக்கடைசிக்கு வருவதில்லை. விசா ஆறு மாதம் தந்தால் ஆறு மாதமும் இருப்பார்கள். அவர்களைப் பத்தாம் நாள் பெட்டி கட்டச் சொல்வதும் முறையன்று. வசந்தகாலம் முழுதும் ஒரு வீட்டாருக்கே அறையைத் தாரைவார்ப்பதும் முறையன்று. மூன்று அறைகளில் ஒன்றை நீள்தங்கலுக்கென்று ஒதுக்கி, மாத வாடகை வைத்து, அதற்குமட்டும் ஒரு சிறு சமையல் மேடையும் தொட்டியும் அமைப்பது ஒரு வழி. விடிகாலையில் எழுந்து காபி கலந்துகொள்ள நினைப்பவர், முந்தின இரவு மாட்டிறைச்சி சமைத்த பெரிய சமையலறைக்குள் தயங்கித் தயங்கி நுழைய வேண்டிய அவசியம் அப்போது இராது. இந்த ஏற்பாடு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் எல்லாக் குடியிருப்பிலும் இருப்பார்கள், இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு, பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தரைக்குள் போவதால், கான்கிரீட் போட்ட பிறகு பேசத் தொடங்கினால் தரையை உடைக்க வேண்டிவரும். பிளம்பர் வேலைக்கு வரும் தேதிக்கு முன்பே அந்தக் கூட்டத்தைக் கூட்டிவிட வேண்டும்.